மைக் ஏந்திய இரு சிறுவர்கள்

ஏழைகளைப் பற்றிப் பேசுவோர் உலகில் ஏராளம். ஆய்வாளர்கள் நூல் எழுதுகின்றனர். அதிகாரிகள் அறிக்கை தருகின்றனர். கொலையோ கலவரமோ நடந்த மறுநாள் செய்தியாளர்கள் வந்து படமெடுத்துக்கொண்டு போய்விடுகின்றனர். ஆனால் அந்த ஏழை வீட்டில் வளரும் பிள்ளையை அழைத்து, "உன் தெரு எப்படி இருக்கிறது? நீயே சொல்" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் அப்படி ஒருவர் கேட்டார். டேவிட் ஐசே என்னும் வானொலித் தயாரிப்பாளர், கறுப்பினச் சிறுவர்கள் இருவரிடம் டேப் ரிக்கார்டரையும் மைக்கையும் கொடுத்து, அவர்களுடைய வாழ்க்கையை அவர்களே பதிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். லீஆலன் ஜோன்ஸுக்கு அப்போது வயது 13. அவருடைய உற்ற தோழர் லாயிட் நியூமனுக்கு 14. பள்ளி மாணவர்களான அவ்விருவரும் பதிவு செய்து வந்த ஒலிநாடாக்கள், அமெரிக்க வானொலி வரலாற்றில் தனி இடம் பெற்றுவிட்டன.

பெயரிலேயே ஒரு வரலாறு

சிகாகோவின் தென்பகுதியில், ஏழைக் கறுப்பினக் குடும்பங்களுக்காக அரசு கட்டிய குடியிருப்பு ஒன்று 1941இல் திறக்கப்பட்டது. 'ஐடா பி. வெல்ஸ் இல்லங்கள்' என்பது அதன் பெயர். யார் இந்த ஐடா வெல்ஸ்? 1862இல் அடிமைக் குடும்பத்தில் பிறந்து, கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொல்லும் கொடுமையை ஊர் ஊராகச் சென்று விசாரித்து, உண்மையைப் பத்திரிகையில் எழுதிய வீரப் பெண்மணி. அவருடைய அச்சகத்தையே எதிரிகள் அடித்து நொறுக்கினர். ஆயினும் அவர் பேனா ஓயவில்லை. 1931இல் மறைந்த அவருக்கு, 2020இல்தான் புலிட்சர் சிறப்புப் பாராட்டு வழங்கப்பட்டது.

ஒரு பத்திரிகையாளரின் பெயரைத் தாங்கிய அந்தக் குடியிருப்பில்தான், அரை நூற்றாண்டு கழித்து இரண்டு சிறுவர் செய்தியாளர்கள் உருவானார்கள். லாயிட் அந்தக் குடியிருப்பிலேயே வசித்தார். லீஆலன் அதற்கு அருகில் பாட்டன் பாட்டியுடன் வாழ்ந்தார். திறக்கப்பட்ட காலத்தில் நல்வாழ்வின் அடையாளமாக இருந்த அந்த இடம், அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது பராமரிப்பு இன்றிப் பாழடைந்து, போதைப் பொருளும் துப்பாக்கியும் ஆட்சி செய்யும் இடமாகிவிட்டிருந்தது.

பத்து நாள், ஒரு நிகழ்ச்சி

பத்து நாட்கள் அச்சிறுவர்கள் மைக்கும் கையுமாகத் திரிந்தனர். காலையில் எழுவதையும் பள்ளிக்கு நடப்பதையும் பதிவு செய்தனர். பேருந்தில் பேசியதையும், இரவில் தெருவில் கேட்ட துப்பாக்கி ஓசையையும் விடவில்லை. லீஆலன் தம்மை வளர்க்கும் பாட்டியிடம் குடும்பத்தின் கதையைக் கேட்டார். தாயை இழந்து அக்காமார்களின் அரவணைப்பில் வளர்ந்த லாயிட், குடிப்பழக்கத்திற்கு அடிமையாகிவிட்ட தம் தந்தையிடம் நேருக்கு நேராகக் கேள்விகள் கேட்டார். எந்த வெளியூர்ச் செய்தியாளரும் கேட்கத் துணியாத கேள்விகள் அவை. கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திராது. கேட்டவன் மகன் என்பதால்தான் தந்தை வாய் திறந்தார்.

சேர்ந்த ஒலிநாடாக்களைச் சுருக்கி அரைமணி நேர நிகழ்ச்சியாக்கினர். 'கெட்டோ லைஃப் 101' என்று பெயரிட்டனர். அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு பாடத்தின் தொடக்க வகுப்புக்கு 101 என்று எண்ணிடுவது வழக்கம். "எங்கள் சேரி வாழ்க்கையைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது, அரிச்சுவடியிலிருந்து தொடங்குவோம்" என்பதே அந்தத் தலைப்பின் உட்பொருள். பொது வானொலியில் அது ஒலித்தபோது நாடெங்கும் மக்கள் செவிமடுத்தனர்.

பாராட்டு மட்டும் வரவில்லை, குறையும் எழுந்தது. கறுப்பினப் பகுதி என்றாலே குடியும் குற்றமும்தான் என்ற எண்ணத்தை இது வளர்க்காதா, வெள்ளையரான தயாரிப்பாளர் ஒருவர் ஏழைகளின் துயரத்தைக் காட்சிப் பொருளாக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அது ஒதுக்கத்தக்க கேள்வி அன்று. பிறர் துயரத்தை எடுத்துரைக்கும் எவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அந்த நிகழ்ச்சியில் துயரம் மட்டும் இல்லை. சிரிப்பும் குறும்பும், பாட்டியின் பாசமும், இரு தோழர்களின் நட்பும் அதில் உண்டு.

பதினான்காம் மாடி

அடுத்த ஆண்டு நெஞ்சை உலுக்கும் நிகழ்ச்சி ஒன்று அதே குடியிருப்பில் நடந்தது. 1994 அக்டோபரில், எரிக் மோர்ஸ் என்னும் 5 வயதுச் சிறுவனை, 10 வயதும் 11 வயதுமான இரு சிறுவர்கள், பதினான்காம் மாடியில் காலியாகக் கிடந்த ஒரு வீட்டின் ஜன்னல் வழியே கீழே தள்ளிக் கொன்றனர். எரிக் செய்த குற்றம் என்ன? மிட்டாய் திருடித் தரும்படி அவர்கள் வற்புறுத்தியதற்கு இணங்க மறுத்ததுதான். அவனுடைய அண்ணனுக்கு வயது 8. தம்பியைப் பிடித்து இழுத்துக் காப்பாற்ற முயன்று தோற்ற அந்தப் பிள்ளை, கீழே விழுமுன் தாங்கிவிடலாம் என்ற நினைப்பில் பதினான்கு மாடிப் படிகளிலும் ஓடி இறங்கினான்.

நாடே கொதித்தது. "இவர்கள் குழந்தைகளா, அரக்கர்களா?" என்று கேட்டனர். இலினாய் மாநிலம் சட்டத்தையே மாற்றி, 10 வயதுப் பிள்ளையையும் சிறுவர் சிறைக்கு அனுப்பலாம் என்றாக்கியது. 1996 ஜனவரியில் அவ்விருவரும் அவ்வாறே அனுப்பப்பட்டனர்.

எல்லோரும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த அந்த வேளையில், லீஆலனும் லாயிடும் மீண்டும் மைக்கை எடுத்துக்கொண்டு விசாரிக்கக் கிளம்பினர். அதே படிகளில் ஏறியவர்கள்; அதே இருட்டு நடைகளை அறிந்தவர்கள். அயலாரைச் சந்தித்தனர், அதிகாரிகளைக் கேட்டனர், குற்றமிழைத்த சிறுவன் ஒருவனுடைய தந்தையிடமும் பேசினர். அவரும் சிறையில் இருந்தார்! எரிக்கின் மரணத்தை ஒரு கணமும் அவர்கள் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் ஒரு பிள்ளை கொலையாளியாகுமுன் அவனைச் சுற்றி என்னென்ன சிதைந்து போயிருந்தன என்பதையும் கேட்போர் முன் வைத்தனர்.

1996இல் ஒலிபரப்பான அந்த நிகழ்ச்சியின் பெயர் 'ரிமோர்ஸ்'. கழிவிரக்கம், மனம் நொந்து வருந்துதல் என்று பொருள். 'எரிக் மோர்ஸின் 14 ஸ்டோரிகள்' என்பது துணைத்தலைப்பு. ஆங்கிலத்தில் 'ஸ்டோரி' என்றால் கதை. மாடி என்றும் பொருள்படும். பதினான்கு மாடி உயரத்திலிருந்து விழுந்த ஒரு குழந்தைக்குப் பின்னால் பதினான்கு கதைகள் இருந்தன என்பதே அவர்கள் சொல்ல வந்தது. ஒலிபரப்புத் துறையின் உயரிய பரிசான பீபாடி விருது அதற்குக் கிடைத்தது. இரு நிகழ்ச்சிகளின் செய்திகளும் சேர்ந்து 1997இல் 'அவர் அமெரிக்கா' என்ற நூலாக வெளிவந்தன.

காற்றிலும் மண்ணிலும் அநீதி

அநீதி துப்பாக்கி வடிவில் மட்டும் வருவதில்லை. அதே நகரின் தென்கோடியில் ஆல்ட்கெல்ட் கார்டன்ஸ் என்று மற்றோர் அரசுக் குடியிருப்பு உண்டு. சுற்றிலும் குப்பைமேடுகள், கழிவுநீர் நிலையம், ஆலைகள். 1969இல் தம் கணவரை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஹேசல் ஜான்சன் என்ற பெண்மணி, அக்கம்பக்கத்தில் ஏன் இத்தனை நோய் என்று வினவத் தொடங்கினார். அவர் விஞ்ஞானி அல்லர். வீடு வீடாகச் சென்று, யாருக்கு என்ன நோய் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நச்சு வளையத்தின் நடுவே மக்கள் வாழ்வதை எடுத்துக்காட்டினார். 1980களில் அங்குள்ள வீடுகளிலிருந்து ஆஸ்பெஸ்டாஸை அகற்றும் போராட்டம் நடந்தபோது, அப்பகுதியில் சமூகப் பணியாற்றிய இளைஞர்களுள் ஒருவர்தான் பின்னாளில் அதிபரான பராக் ஒபாமா. 1994 பிப்ரவரியில், ஏழைகளும் சிறுபான்மையினரும் வாழும் பகுதிகளின் சுற்றுச்சூழல் நீதிக்காக அதிபர் கிளின்டன் ஆணை பிறப்பித்தபோது, ஹேசல் ஜான்சனும் அங்கு இருந்தார். 2011இல் அவர் காலமானார்.

1995 ஜூலையில் சிகாகோவை வெப்ப அலை தாக்கியபோது எழுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவர்களுள் பெரும்பாலோர் முதியோர். தனியே வாழ்ந்த ஏழைகள் பலர். வெயில் எல்லோர் மீதும்தான் அடித்தது. ஆனால் யார் பிழைப்பார் என்பதைப் பணமும் அக்கம்பக்க உறவும் தீர்மானித்தன.

ஹேசல் ஜான்சனின் குறிப்பேடும் அச்சிறுவர்களின் மைக்கும் செய்த வேலை ஒன்றே. ஓர் இடத்தின் கேட்டுக்கு முதல் சாட்சி அங்கே வாழ்பவரே என்பதை அவை நிலைநாட்டின. நிபுணர் அளந்து பார்க்குமுன் காற்றின் நாற்றத்தை அறிவது அங்கு மூச்சுவிடும் பிள்ளைதான்.

பின்னர் நடந்தது

ஐடா பி. வெல்ஸ் இல்லங்கள் இன்று இல்லை. படிப்படியாக இடிக்கப்பட்டு 2011க்குள் அவை மறைந்தன. லீஆலன் ஜோன்ஸ் 2010இல் இலினாய் மாநிலத்தில் பசுமைக் கட்சியின் வேட்பாளராக அமெரிக்க செனட் தேர்தலில் நின்று, சுமார் 3 விழுக்காடு வாக்குகள் பெற்றார். லாயிட் நியூமன் 2022 டிசம்பரில், 43 வயதில் காலமானார். டேவிட் ஐசே 2003இல் 'ஸ்டோரிகார்ப்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, எளிய மனிதர்கள் தம் உறவினரிடமே கேள்வி கேட்டுப் பதிவு செய்ய வழிவகுத்தார். அதற்கான வித்து, தந்தையிடம் கேள்வி கேட்ட அந்த மகனின் ஒலிநாடாவில் இருந்தது எனலாம்.

கட்டடம் போயிற்று, பேசியவர்களில் பலரும் போயினர். குரல்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன.

அன்பார்ந்த பெற்றோர்களே! அன்று ஒருவர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருந்த ஒலிப்பதிவுக் கருவி, இன்று கைபேசி வடிவில் நம் பிள்ளைகளின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. விடுமுறை நாளில் அவர்களை நன்னியின் அருகில் அமர்த்துங்கள். வீட்டுக் கிணற்று நீர் எப்போது உவர்ப்பானது, தெருக்கோடிக் குளம் எப்படிக் குப்பைமேடானது என்று கேட்கச் சொல்லுங்கள். குறுக்கே பேசாமல், திருத்தாமல், முழுவதும் கேட்கப் பழகட்டும். அதே பொறுமையோடு, நம் பிள்ளைகள் தம் தெருவைப் பற்றியும் நம்மைப் பற்றியும் சொல்வதைக் கேட்க நாமும் பழகுவோம். மகனின் கேள்விக்குத் தலைகுனிந்தேனும் பதில் சொன்ன அந்தத் தந்தைக்கு இருந்த துணிவு நமக்கும் வேண்டும்.