ஊசி என்றாலே அலறும் சிறப்புக் குழந்தை: அமுக்கிப் பிடிக்காமல் போட முடியுமா?

"அடம் பிடிச்சா டிரெசரைக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்லிடுவேன்!"

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த மிரட்டல் புதிதல்ல. லகாட், பத்து காஜா பக்கம் தோட்டங்கள் போய்த் தாமான்கள் வந்துவிட்டன. டிரெசரும் போய்விட்டார். மிரட்டல் மட்டும் நிற்கிறது. டிரெசர் இருந்த இடத்தில் இப்போது கிளினிக் மிஸ்ஸி. சாதாரணப் பிள்ளைகள் இதைச் சிரித்து மறந்துவிடலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு ஊசி என்றால் தண்டனை.

நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் பெரும்பாலான ஊசிகள் கைக்குழந்தைப் பருவத்திலேயே முடிந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். 7 வயதில், முதலாம் ஆண்டில், தட்டம்மைக்கும் டெட்டனசுக்கும் மீண்டும் ஊசி. 13 வயதில் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. 15 வயதில் மறுபடியும் டெட்டனஸ். 7 வயதுப் பிள்ளையை இரண்டு பேர் சேர்ந்து அமுக்கிவிடலாம். அதே பிள்ளை 15 வயதில் நான்கு பேரைத் தள்ளிவிட்டு ஓடும். ரத்தப் பரிசோதனை, பல் வைத்தியம் என்று எதற்கும் கிட்டே வராது. அதனால் இன்றைய ஊசி முடிந்ததா என்று மட்டும் பார்க்காதீர்கள். அடுத்த முறை அந்தக் கிளினிக் வாசலைப் பிள்ளை மிதிக்குமா என்றும் பாருங்கள்.

பள்ளியில் வரிசையில் நின்று, முன்னால் நிற்பவர் அழுவதைப் பார்த்துக்கொண்டே போட்டுக்கொள்வது இப்பிள்ளைகளுக்குச் சரிப்படாது. ஒப்புதல் படிவம் வந்ததுமே ஆசிரியரிடம் பேசி, கிளினிக்கில் தனியாகப் போட ஏற்பாடு கேளுங்கள். கூட்டம் குறைந்த நேரம் எது, அழைக்கும்வரை காரிலேயே காத்திருக்கலாமா என்று முன்கூட்டியே போனில் விசாரியுங்கள். ஓகேயு அட்டை இருந்தால் காட்டுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் ஒரு வாரமாவது ஒத்திகை வேண்டும். கிளினிக் வாசல், நாற்காலி, பிளாஸ்டர், திரும்பும் வழியில் ஐஸ்கிரீம் என்று கைப்பேசிப் படங்களை வரிசையாகக் காட்டுங்கள். சில பிள்ளைகளுக்கு ஊசியைவிடப் பஞ்சின் குளிர்ச்சியும் ஸ்பிரிட் வாடையும்தான் ஆகாது. மருந்துக்கடையில் அந்தப் பஞ்சை வாங்கிப் பழக்கலாம். "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். வலித்த நொடியே உங்கள் வார்த்தை பொய்யாகிவிடும். "சுருக்கென்று குத்தும், ஐந்து எண்ணுவதற்குள் முடியும்" என்பதுதான் உண்மை. பேரனைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியும் இதையே சொல்ல வேண்டும். (பாட்டியைப் பழக்குவதுதான் சில வீடுகளில் பெரிய வேலை!)

தோலை மரத்துப்போகச் செய்யும் 'எம்லா' போன்ற களிம்பும் உண்டு. ஊசி போடும் இடத்தில் ஒரு மணி நேரம் முன்பே தடவி மூடி வைக்க வேண்டும். எந்த இடம் என்று தாதியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தோலில் குத்தும் வலி குறையும். மருந்து தசைக்குள் இறங்கும் கடுப்பு கொஞ்சம் இருக்கும். ஜி6பிடி குறைபாடு உள்ள பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் இதைத் தடவக் கூடாது. நம் நாட்டில் பிறந்தவுடனே அதைச் சோதிக்கிறார்கள். குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

ஊசி போடும்போது படுக்க வைத்து அமுக்குவதைவிட, மடியில் நிமிர்ந்து உட்கார வைத்து அணைத்துக்கொள்வது நல்லது. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட பரிந்துரையும் அதைத்தான் சொல்கிறது. ஊசியைக் கண்டதும் மயங்கி விழும் பிள்ளைகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் படுத்துக்கொள்ளலாம். கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்கினால் ரத்த அழுத்தம் விழாமல் இருக்கும். சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-கோரான் ஓஸ்ட் 1980களில் வகுத்த பயிற்சி இது. ஊசி போடும் கையை மட்டும் தளர்த்தி வைக்க வேண்டும்.

எதற்கும் மசியாத பிள்ளையா? கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய மருத்துவமனையின் குழந்தை நல நிபுணரைப் பாருங்கள். லேசான மயக்க மருந்து கொடுத்துப் போட முடியுமா என்று கேட்கலாம். பல் சிகிச்சைக்காக ஏற்கனவே மயக்கம் கொடுக்க நாள் குறித்திருந்தால், அன்றே ஊசியையும் போடலாமா என்று விசாரியுங்கள்.

பிள்ளை நாற்காலிவரை வந்து திரும்பி ஓடிவிட்டால், அன்றைக்கு விட்டுவிடுங்கள். தவறிய ஊசியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டியதில்லை. அடுத்த தேதியை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். சொன்ன ஐஸ்கிரீமையும் வாங்கிக் கொடுங்கள்.