பிறர் நிலத்தில் கிணறு வெட்டுவார் உண்டோ?

புதிய விதையையும் புதிய இயந்திரத்தையும் கண்டவுடன் கைக்கொள்ளாத குடியானவனைப் பழமையில் ஊறியவன் என்று பழிப்பது, பட்டணத்தில் இருந்துகொண்டு விவசாயத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் அவன் உழுகிற நிலம் யாருடையது, அறுவடையில் அவனுக்கு என்ன மிஞ்சும், அடுத்த போகத்திலும் அதே வயலில் அவன் ஏர் பூட்டுவானா என்று விசாரித்தறிந்த பிறகு அப்படிப் பேச நா எழாது.

தஞ்சை ஜில்லாவையே எடுத்துக்கொள்வோம். 1960-இல் தொடங்கிய தீவிர விவசாயத் திட்டத்துக்கு இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு ஜில்லாக்களில் அதுவும் ஒன்று. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் அளித்த ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல், அந்தப் பத்தாண்டின் நடுவில் குறுவைப் பட்டத்தில் விரைந்து பரவிற்று. விதைக்கும் உரத்துக்கும் இட்ட பணம் நாலு மாதத்துக்குள் களத்துமேட்டுக்கே திரும்பிவிடுமாதலால், இத்தகைய புதுமை குத்தகைக்காரனும் துணிந்து ஏற்கக்கூடியது. மேடுபள்ளம் சமன் செய்வதும், ஆழ்குழாய்க் கிணறு இறக்குவதும், வருஷந்தோறும் தழையுரமிட்டு மண்ணைத் தேற்றுவதும் அப்படியல்ல. பலன் கைகூடும் காலத்தில் வயல் வேறொருவன் கைக்குப் போயிருக்கக்கூடுமென்றால், புத்தியுள்ளவன் எவன் தன் பணத்தை அங்கே புதைப்பான்?

விளைச்சலைப் பங்கிடும் வாரக் குத்தகையில் இன்னொரு சூட்சுமம் உண்டு. விளைச்சலில் பாதியை நிலக்காரருக்கு அளப்பவன், நூறு ரூபாய்க்கு அதிக உரமிட்டு நூற்றைம்பது ரூபாய்க்கு அதிக நெல் கண்டான் என்று வைத்துக்கொள்வோம். நிலத்தைப் பொறுத்தவரை ஐம்பது ரூபாய் லாபம். அவனுக்கோ வருவது எழுபத்தைந்து, நஷ்டம் இருபத்தைந்து. பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே இந்த நியாயத்தை எடுத்துக்காட்டினார். நிலக்காரர் செலவிலும் பங்கேற்றால் இந்தக் குறை தீரும். இத்தனை மூட்டையென்று அறுதியிட்ட குத்தகையிலோ இந்தக் குறையே இல்லை, மிகுவதெல்லாம் உழுதவனுக்கே. எனினும் மேட்டூர் அணையைக் காலத்தில் திறக்காத வருஷத்திலும், ஐப்பசி மழை பயிரை மூழ்கடித்த வருஷத்திலும், நிலக்காரர் மனமிரங்கினாலன்றி மூட்டைக் கணக்குக் குறையாது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1952-இல் தஞ்சைக் குத்தகைக்காரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு உறுதியாயிற்று. 1956-இல் நன்செயில் நிலக்காரர் பங்கு 40 சதவீதம் என்று வரையறுக்கப்பட்டது. பின்னர் அது 25 ஆகவும் குறைந்தது. ஆனால் எழுதிக்கொடுத்தால் நிலம் திரும்பாது என்ற அச்சம் நிலக்காரரைப் பற்றிக்கொண்டது. அதை வீண் அச்சம் என்று நான் சொல்லமாட்டேன். விளைவு, வாய்ச்சொல்லே குத்தகைச் சீட்டாயிற்று. குத்தகைக்காரன் பெயர் அடங்கல் என்னும் கிராமப் பயிர்க் கணக்கில் ஏறாமற்போயிற்று. அடங்கலில் பெயரில்லாதவன் கூட்டுறவுக் கடனுக்கும், பயிர்க் காப்பீட்டுக்கும், சொட்டுநீர்க் குழாய் மானியத்துக்கும் படும் பாட்டை எந்தக் கிராம நிர்வாக அலுவலகத்தின் திண்ணையிலும் காணலாம். சர்க்கார் அவனுக்கென்றே வகுத்த புதுமை, பத்திரம் கையிலுள்ள, ஆனால் ஏர் பிடிக்காத மனிதரின் வாசலில் போய் நிற்கிறது.

சொந்த ஊரில் நிலத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் வாழும் வாசகர்கள் அடுத்த முறை குத்தகை பேசும்போது, ஒரு போகத்துக்கென்று பேசாமல் ஐந்து வருஷத்துக்கென்று பேசி, அதை எழுத்திலும் இட்டுக்கொடுக்க வேண்டுகிறேன்.