உடைந்த கண்ணாடி இழைப் பாகங்களுக்குப் பட்டறை அச்சு

அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டில் வெளிவந்த கார்வெட் என்னும் மோட்டார் வண்டியின் உடற்கூடு, கண்ணாடி இழையும் பிளாஸ்டிக் பிசினும் சேர்ந்து உருவானது. அவ்வாண்டில் செய்யப்பட்ட வண்டிகள் 300 மட்டுமே. இந்தியாவில், பெங்களூரில் 1980களில் தயாரான டால்ஃபின் என்னும் சிறு வண்டிக்கும் இத்தகைய கூடே அமைந்திருந்தது. இரும்புத் தகடு மோதினால் நசுங்கும், தட்டி நிமிர்த்திவிடலாம். கண்ணாடி இழைப் பாகமோ பிளந்து சில்லுகளாகிவிடும். உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு மாற்றுப் பாகம் கிடைப்பதும் அரிது. ஆயினும் உடைந்ததை எறிய வேண்டியதில்லை. வடிவத்தை அச்சில் பிடித்துக்கொண்டால், வலுவைப் பின்புறத்திலிருந்து திரும்பக் கட்டலாம்.

முன் மட்கார்டு ஒன்றின் ஓரத்தில் உள்ளங்கையளவு துண்டு உடைந்து தொலைந்துவிட்டதாகக் கொள்க. மறுபக்கத்து மட்கார்டிலிருந்து அச்செடுக்கலாமே என்று தோன்றும். இடக்காற் செருப்பு வலக்காலுக்குப் பொருந்தாததுபோல அதுவும் பொருந்தாது. அதே பக்கத்துப் பாகம் வேறொரு வண்டியில் இருப்பின் நலம். இல்லையெனில், கிடைத்த சில்லுகளை இடத்தில் பொருத்திப் பின்புறம் தற்காலிகமாக ஒட்டி, எஞ்சிய வெற்றிடத்தைப் பாரிஸ் சாந்தினால் நிரப்பி, வளைவு தடையின்றித் தொடரும்படி இழைக்க வேண்டும். வேலையின் முக்காற்பங்கு இதுவே. இங்கு விட்ட மேடு பள்ளம் அச்சிலும், பின்னர் பாகத்திலும் அப்படியே பதியும்.

சாந்து நன்கு உலர்ந்தபின் அதற்கு அரக்கு வார்னிஷ் பூசி, முழுப் பரப்புக்கும் மெழுகு தேய்த்துப் பலமுறை மெருகிடுவர். மெழுகில் சிக்கனம் காட்டினால் அச்சு கழன்று வராது. அதன்மேல் ரெசின் பூசி, பட்டறைகளில் ‘மேட்’ என வழங்கும் இழைப்பாயை அடுக்கடுக்காகப் படியவைத்து, உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். அச்சு உடைவைவிடச் சுற்றிலும் ஒரு சாண் அகன்றிருந்தால்தான் நல்ல பகுதியில் பற்றி நிற்கும்.

அச்சு இறுகியதும் கழற்றி, சாந்தை நீக்கி, உடைந்த விளிம்பின் உட்புறத்தைச் சரிவாகத் தேய்ப்பர். கனத்தைப்போல் 12 மடங்கு நீளச் சரிவு வழக்கம். 3 மில்லிமீட்டர் கனத்துக்கு 36 மில்லிமீட்டர். புதிய ரெசின் பழைய பரப்பைப் பற்றுவது இச்சரிவில்தான். பிறகு மெழுகிட்ட அச்சை வெளிப்புறம் பிணைத்து, உள்ளிருந்து மேட்டும் ரெசினும் இடுவர். அடுக்குகளை ஒரேயடியாகக் கனமாக ஏற்றினால் வெப்பம் மிகுந்து பாகம் கோணும்.

ரெசினை இறுகச்செய்வது பெராக்சைடு. அதைத் தூண்டுவது கோபால்ட். ஒரு கிலோகிராம் ரெசினுக்குப் பெராக்சைடு 10 முதல் 20 கிராம் போதும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முற்றும் கலக்கிய பின்னரே பெராக்சைடைச் சேர்க்க வேண்டும். இவ்விரண்டும் நேராகக் கலந்தால் தீப்பற்றி வெடிக்கும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பதும் தகாது. பெராக்சைடு கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். உடனே 15 நிமிடமாவது நீரால் கழுவிக்கொண்டே இருந்து, பின் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியின்றி மாணவர் எவரையும் இவ்வேலைக்கு அருகே விடலாகாது. ரெசினின் ஆவியும் தேய்க்கும்போது எழும் தூளும் நுரையீரலுக்குத் தீங்கானவை. ஆதலால் காற்றோட்டமுள்ள இடமும் தக்க முகமூடியும் அவசியம்.

கழற்றிய அச்சை நிழலில், வளையாதபடி தாங்கல் கொடுத்து வைத்தால், அதே வண்டியின் அடுத்த உடைவுக்கும் அது உதவும்.