பாட்டியின் ‘நைஸ்’

ஹைதராபாத்தில் குடியேறிய தமிழர் எவருக்கும் ‘நல்ல’ என்ற சொல் முதலில் வேடிக்கை காட்டியிருக்கும். நமக்கு நன்மை, தெலுங்கில் கறுப்பு. நல்லகுண்ட என்பது சொல்படி கறுப்புக் குட்டை. போதாததற்குத் தண்ணீர்க் குழாய்க்கும் இங்கே ‘நல்லா’ என்று பெயர். இது இரு மொழிகளுக்கு இடையே நேரும் குழப்பம். ஒரே வீட்டில், பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவே குழப்பம் செய்கிற சொல் ஒன்று உண்டு. அதுதான் ‘நைஸ்’.

“உளுந்து நைஸா அரைபட்டிருக்கான்னு தொட்டுப் பாரு” என்று என் மனைவி சொன்னாள். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் எங்கள் பேத்தி, “தப்பு பாட்டி, நைஸ்னா நல்லதுன்னு அர்த்தம். மாவுக்கெல்லாம் சொல்லக் கூடாது” என்று திருத்தினாள். பாட்டி சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

ஆங்கிலச் சொல்லின் ஜாதகத்தை முதலில் பார்ப்போம். லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். ‘ஸ்கீரெ’ என்பது அறிதல். முன்னால் நிற்கும் ‘நெ’ அதை மறுக்கிறது. சயன்ஸ் என்ற சொல்லும் இதே ‘ஸ்கீரெ’யின் வழி வந்ததுதான்! பிரெஞ்சு வழியாக 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்தில் நுழைந்தபோது, ஒருவரை நைஸ் என்றால் மடையர் என்று பொருள். பிறகு எதிலும் எளிதில் திருப்தி அடையாதவர், அதன்பின் நுட்பமானது, துல்லியமானது என்று பொருள் நகர்ந்தது. இனிமை என்ற பொருள் பரவியது 18-ஆம் நூற்றாண்டில்தான். ஜேன் ஆஸ்டின் மறைந்த 1817-இன் இறுதியில் வெளிவந்த ‘நார்த்தாங்கர் அபி’ நாவலில், எல்லாவற்றையும் நைஸ் என்று சொல்லும் பெண்ணைக் கதாநாயகன் கேலி செய்கிறான். பாட்டியின் மாவு அந்தப் பழைய ‘நுட்பத்துக்கு’ப் பக்கத்தில்தான் நிற்கிறது.

ஆனால் பாட்டி ஆஸ்டினைப் படித்துவிட்டுப் பேசவில்லை. தமிழில் ‘நைதல்’ என்று ஒரு வினை உண்டே! நைந்த வேட்டி என்கிறோம். மருந்தை நைய அரைக்கிறோம். திருடனை நையப் புடைக்கிறார்கள். ஆங்கிலச் சொல் கப்பலேறி வந்தபோது, அதற்கு இங்கே ஏற்கெனவே பாய் விரித்து வைத்திருந்தது என்பது என் கட்சி.

இன்னொரு பாயும் இருந்தது. ‘நைஸாப் பேசி வாங்கிட்டான்’, ‘நைஸா நழுவிட்டான்’ என்கிறோமே, அதில் இனிமையும் இல்லை, அரைப்பும் இல்லை. அங்கே ஒலிப்பது ‘நைச்சியம்’. ‘நீசம்’ என்ற வடசொல்லிலிருந்து பிறந்தது. தாழ்மை என்று பொருள். வைணவப் பெரியோர் பெருமாள் முன் தம்மைத் தாழ்த்திக்கொண்டு உருகுவதை ‘நைச்சியானுசந்தானம்’ என்பர். உலக வழக்கிலோ அது குழைந்து பேசிக் காரியம் சாதிப்பதாகிவிட்டது. சந்நிதியில் இருந்தது சந்தைக்கு வந்த கதை! ‘நைஸ் பண்றான்’ என்று சொல்லும்போது நாம் பாதி ஆங்கிலமும் பாதி நைச்சியமும் பேசுகிறோம்.

ஆகவே, பாட்டியின் நைஸ் தப்பான ஆங்கிலம் அல்ல, சரியான தமிழ். பேத்தியிடம் இதைச் சொன்னபோது, “அப்போ மிஸ்ஸை நைஸ்னு சொல்றது மடையர்னு சொல்றதா தாத்தா?” என்று அவள் ஆவலோடு கேட்டாள். அதைப் பள்ளியில் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

நம் ஊர் கிர்ணியில் அரிசியைக் கொடுத்தால் “மெத்தகா பட்டாலா?” என்று கேட்பார்கள். அந்த ‘மெத்தகா’வும் நமக்கு அந்நியம் இல்லை; நம் மெத்தையும் மெத்தென்ற இட்லியும் அந்தக் குடும்பமே. தெலுங்கில் ‘மெத்தனி மனிஷி’ என்றால் சாதுவான ஆள். நம்மிடமோ அதே மெத்தனம் அசட்டையாகிவிட்டது.