பாடும் இரும்பு!

உங்கள் காதுக்குள் ஒரு சுத்தியலும் ஒரு பட்டறைக்கல்லும் இருக்கின்றன, தெரியுமா? நடுச்செவியில் உள்ள சுத்தி, பட்டை என்ற இரண்டு குட்டி எலும்புகள்தான் அவை! கொல்லர் பட்டறையில் உள்ள பொருட்களை நினைவில் வைத்து இட்ட பெயர்கள்.

காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் கனமான மேடைதான் பட்டறைக்கல். பெயரில்தான் கல், உண்மையில் அது இரும்பு!

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கொல்லர் வேலையைப் பொழுதுபோக்காகக் கற்பவர்கள் பலர் உண்டு. அவர்கள் முதலில் தேடுவது ஒரு பழைய பட்டறைக்கல்லை. பண்ணை வீட்டுக் கொட்டகையிலோ பழைய பொருள் சந்தையிலோ, துருப்பிடித்து ஒரு மூலையில் கிடக்கும். அது நல்லதா, கெட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் சோதனை காதுக்கு! சிறிய சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். 'டிங்' என்று மணி போல ஒலித்தால் நல்ல அறிகுறி. 'டப்' என்றால் உள்ளே விரிசல் இருக்கலாம். ஆனால், அவசரப்பட்டு ஒதுக்கிவிடக் கூடாது. அமெரிக்காவின் ட்ரென்டன் நகரில் தயாரான 'பிஷர்' பட்டறைக்கற்களின் உடல் வார்ப்பிரும்பு. நல்ல நிலையில் இருந்தாலும் அவை 'டிங்' என்று பாடாது!

அதனால் இரண்டாவது சோதனை. ஒரு பால்ரஸ் குண்டை 10 அங்குல உயரத்திலிருந்து அதன் மேல் போட வேண்டும். 7, 8 அங்குலம் துள்ளி எழுந்தால் மேற்பரப்பு நல்ல உறுதி. சோம்பேறி போல லேசாக எழுந்தால் வாங்காமல் விட்டுவிடலாம்.

இப்போது ஒரு கணக்கு! இங்கிலாந்தின் டட்லி நகரில் தயாரான 'பீட்டர் ரைட்' பட்டறைக்கல்லின் பக்கவாட்டில் மூன்று எண்கள் இருக்கும். அது ரகசியக் குறியீடு அல்ல, எடை! முதல் எண்ணை 112 ஆல் பெருக்குங்கள். இரண்டாவதை 28 ஆல் பெருக்குங்கள். மூன்றாவதை அப்படியே கூட்டுங்கள். '1 2 10' என்றால் 112 + 56 + 10 = 178 பவுண்டு. அதாவது, ஏறக்குறைய 81 கிலோ. அடேங்கப்பா!

சரி, வாங்கியாகிவிட்டது. துருவை எடுக்க வேண்டுமே! புதிதாகக் கற்பவர்கள் தவறு செய்யும் இடம் இதுதான். மேற்பரப்பில் உள்ள பள்ளங்களைப் பார்த்ததும், இயந்திரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவார்கள். ஐயோ! அந்தக் காலத்துப் பட்டறைக்கல் பலவற்றில் உடல் மென்மையான இரும்பு. மேலே மட்டும் ஏறக்குறைய அரை அங்குல எஃகுத் தகடு. அதைத் தேய்த்துக் கரைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. துருவைப் போக்குவதாக நினைத்து நெருப்பில் போட்டாலும் எஃகின் உறுதி போய்விடும். பிறகு அது வெறும் இரும்புத் துண்டுதான்!

கம்பி பிரஷ்ஷும் வினிகரில் நனைத்த துணியும் போதும். துரு போனதும் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். விளிம்பு கொஞ்சம் மழுங்கி இருக்கிறதா? இருக்கட்டும்! ரொம்பக் கூரான விளிம்பில் வைத்து வளைத்தால், செய்யும் பொருளில் வெட்டு விழும். சற்றே உருண்ட விளிம்புதான் நல்லது.

கடைசியாக, ஒரு கனமான மரக்கட்டை மீது அதை அசையாமல் பொருத்த வேண்டும். எவ்வளவு உயரத்தில்? நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, முஷ்டியை மடக்குங்கள். விரல் முட்டி எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் உங்களுக்கு ஏற்ற உயரம்!

ஒரு எச்சரிக்கை, குட்டீஸ்! சுத்தியல் படும்போது இரும்புச் சில்லு தெறிக்கலாம். பெரியவர்கள் துணையும் கண்ணாடியும் இல்லாமல் இந்தச் சோதனைகளைச் செய்யக் கூடாது.

பழைய பொருளைப் புதிதாக மாற்றுவது மட்டும் பழுது பார்ப்பது அல்ல. எதைத் தொடாமல் விட வேண்டும் என்று தெரிவதும் அதில் ஒரு பாதி. அது தெரிந்தவர் கையில் கிடைத்தால், நூறு வயதான பட்டறைக்கல்லும் மறுபடி 'டிங்' என்று பாடும்!