அட்டவணையின் எல்லா நிரல்களிலும் சொல் தேடுதல்

ஒரு சொல் ஒரு நூலுள் வந்துளது என்று காட்ட ஓரிடம் போதும். வந்திலது என்று கூறவோ நூல் முழுதும் தேடியிருத்தல் வேண்டும். இந்நாளில் அத்தேடலைக் கணிப்பொறியிடம் ஒப்புவித்து, அது தரும் 'இல்லை' என்னும் விடையை ஆய்வேட்டில் அவ்வாறே எழுதிவிடுவோர் உளர். அவ்விடை எத்துணை நம்பத்தக்கது என்பதைப் புறநானூற்றைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

புறநானூற்றைத் தரவுத்தள அட்டவணையாக அமைக்கப் புகுவோர் பாட்டொன்றுக்கு ஒரு நிரை வகுப்பர். பாட்டெண், பாட்டு, திணை, துறை, பாடியோர், பாடப்பட்டோர் என்பன நிரல்களாம். 1970-இல் எட்கர் காட் என்பார் வெளியிட்ட உறவுநிலைக் கொள்கையின்படி ஒவ்வொரு நிரலும் தனிப்பொருள் உடையது. ஆதலின் எஸ்.கியூ.எல். என்னும் வினவல் மொழியில் இன்ன நிரலில் தேடுக என்று பெயர் சுட்டியே ஏவுதல் வேண்டும்.

பாட்டு என்னும் நிரலில் மட்டும் 'பாரி' என்று தேடுவோர்க்கு 112-ஆம் பாட்டு அகப்படாது. தந்தையை இழந்த மகளிர் பாடிய அப்பாட்டினுள் அவன் பெயர் இல்லை. பாடியோர் நிரலில் 'பாரி மகளிர்' என்று உள்ளது. எல்லா நிரல்களிலும் தேடியவரே அதனைக் காண்பர்.

இதற்கு இரு வழிகள் உள. ஒவ்வொரு நிரலுக்கும் 'லைக்' என்னும் ஒப்புநோக்கும் ஏவலைத் தனித்தனியே எழுதி, 'அல்லது' என்னும் பொருள்பட இணைத்தல் ஒன்று. எல்லா நிரல்களையும் ஒரே தொடராக ஒட்டி, அத்தொடரில் தேடுதல் மற்றொன்று. பின்னது எளிது, ஆயின் இடர் மிகுதி. புறநானூற்றுள் சில பாட்டுக்களைப் பாடியோர் பெயர் கிடைத்திலது. அவ்விடத்தை 'நல்' என்னும் இன்மைக் குறியால் நிரப்பியிருப்பின், போஸ்ட்கிரஸ் முதலியவற்றில் இரட்டைக் கோட்டுக் குறியால் ஒட்டும்போது தொடர் முழுவதுமே இன்மையாகிவிடும். பாடியவர் பெயர் இல்லாமையால் பாட்டே தேடலினின்று நீங்கும்; பொறி பிழை என்று ஒரு சொல்லும் உரையாது. நிரல்களை இடைவெளியின்றி ஒட்டினாலோ இல்லாத சொல் தோன்றும். 'வாகை' என்னும் திணையும் 'வல்லாண் முல்லை' என்னும் துறையும் அடுத்து நிற்பின் 'கைவல்' என்று தேடுவோர்க்கு அந்நிரை விடையாக வரும்! 'கன்கேட் டபிள்யூ.எஸ்.' என்னும் ஏவல் இன்மையை விலக்கி, இடையே நாம் தரும் பிரிகுறியையும் இடும். எனினும் முதல் வழியையே யாம் மேற்கொள்வோம். எந்த நிரலில் சொல் கிடைத்தது என்று காட்டுதல் அதிலேதான் எளிது. பாட்டினுள் வரும் பெயர் புலவர் வாக்கு. திணை துறைக் குறிப்பில் வரும் பெயர் பாட்டின் புறத்தே நிற்கும் செய்தி. இவ்விரண்டையும் ஒரே எண்ணிக்கையில் அடக்குதல் ஆய்வுக்கு ஒவ்வாது.

இவற்றினும் நுண்ணிய இடர் எழுத்திலே உள்ளது. ஒருங்குறியில் அகரமேறிய 'ர' முதல் வடிவம். புள்ளி அதன்மேல் வந்து சேரும் குறி. மெய்யின்மேல் உயிர் ஏறும் என்னும் இலக்கண முறைக்கு இது நேர்மாறு. ஆகவே 'ஊர' என்று தேடின் 'ஊர்' என்பதும் உடன் வரும். மிகை விடையை நாமே கண்டு களையலாம். விடுபட்டதை எவ்வாறு காண்பது? 'கொ' என்பதன் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இரு குறிகளாகவும் பதிவாகக்கூடும்; கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கு வேறு. ஒருங்குறியின் இயல்பாக்க முறை இவ்வேறுபாட்டை நீக்கும். ஆனால் ஔவையார் பெயரின் முதலெழுத்தை 'ஒ', 'ள' என இரண்டெழுத்தாகத் தட்டெழுதும் வழக்கை அம்முறையும் திருத்தாது. அதியமானைப் பாடிய அப்பெரும்புலவர் பெயரைச் செவ்வனே எழுதித் தேடுவோர்க்கு அவ்வாறு பதிந்த நிரைகள் ஒன்றும் கிட்டா. அட்டவணை முழுதும் 'ஒள' வருமிடமெல்லாம் 'ஔ' என மாற்றுவோம் எனின், 'ஒளி', 'ஒள்வாள்' என்பனவும் சிதையும். பெயர் நிரல்களில் மட்டும், அதுவும் ஒவ்வொன்றாக நோக்கியே, இதனைத் திருத்துதல் தகும். மூலபாட நிரலில் கைவையாது, இயல்பாக்கிய படியொன்றைத் தேடலுக்கெனத் தனி நிரலில் வைத்தல் நன்று.

விரைவு பற்றிய கவலை ஈண்டு வேண்டுவதில்லை. நானூறு நிரைகளை முழுதும் நோக்கப் பொறிக்கு நொடிப்பொழுதும் ஆகாது. சொற்களை முன்னரே அடைவாக்கித் தேடும் முறை பெருந்தொகைகளுக்கு உரியது. அதுவும் இடைவெளி கண்ட இடத்திலேயே சொல்லைப் பிரிப்பதாகலின், புணர்ந்து நிற்கும் சொல்லின் உட்கூறு அதற்குப் புலப்படாது. 'பாரியும்' என்பது அதற்கு வேறொரு சொல்.

267, 268-ஆம் பாட்டுக்கள் கிடைத்தில. அவற்றின் நிரைகளை எண் மட்டும் இட்டு வெறுமையாக வைத்தல் வேண்டும்; அவற்றை நீக்கிவிடுதல் கூடாது. இனி, 'இச்சொல் புறநானூற்றுள் இல்லை' என்று எழுதுவோர், எப்பதிப்பின் பாடம், எந்நிரல்கள், எவ்வடிவங்கள் கொண்டு தேடினர் என்பவற்றோடு, கிடைத்துள்ள 398 பாட்டுக்களுள் என்றும் சேர்த்து எழுதுவாராக.