ஐஸ் ஹாக்கி ஸ்கேட்டிங்: பிழையைக் காட்டும் கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் பாட்டு கேட்பது, படம் பார்ப்பது, கடிதம் டைப் செய்வது என்ற அளவிலேயே நின்றுவிடுகிறார்கள். அதே கம்ப்யூட்டரைக் கொண்டு ஒரு விளையாட்டில் நம் திறமையையும் வளர்த்துக் கொள்ளலாம். ஐஸ் ஹாக்கிக்கான ஸ்கேட்டிங் பயிற்சியில் நானும் என் நண்பரும் வீட்டுக் கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்தினோம் என்பதை இங்கு பார்ப்போம். இதற்குத் தேவைப்படும் இரண்டு புரோகிராம்களும் இலவசம்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்ப்பது கனடாவின் டொரான்டோ நகரில். நம் ஊர்த் தெருக்களில் கிரிக்கெட் எப்படியோ, குளிர்காலத்தில் இங்கு ஐஸ் ஹாக்கி அப்படி. எங்கள் அலுவலகத்தில் புதியவர்களுக்கென ஒரு டீம் உண்டு. அதன் கேப்டன் விதித்த நிபந்தனை ஒன்றுதான்: வலம், இடம் என இரு பக்கமும் திரும்பி நிற்கத் தெரிந்தவரே விளையாட வரலாம். காரணம் நியாயமானது. வட அமெரிக்க ஹாக்கி அரங்கம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்டது. சுற்றிலும் உறுதியான தடுப்புச் சுவர். நிற்கத் தெரியாதவர் வேகமாக வந்தால் தன் எலும்பையோ அடுத்தவர் எலும்பையோ முறித்துவிடுவார். 38 வயதான என் நண்பருக்கு வலப்பக்கம் மட்டுமே நிற்க வந்தது. ஆட்டங்கள் தொடங்க இரண்டு மாதம் இருந்தது.

ஸ்கேட் எப்படி வேலை செய்கிறது?

ஸ்கேட் பிளேடின் அடிப்பாகம் தட்டையாக இருக்காது. நடுவில் ஒரு பள்ளம் ஓடும். அதன் இருபுறமும் இரண்டு கூரான விளிம்புகள் இருக்கும். காலின் உட்பக்கம் இருப்பது உள்விளிம்பு, மற்றது வெளிவிளிம்பு. பிளேடு தன் நீளவாக்கில் வழுக்கிச் செல்லும். பக்கவாட்டில் பனியைக் கவ்விப் பிடிக்கும். எனவே நடப்பது போல் காலை நேர் பின்னால் உதைத்தால் பிளேடு வழுக்கிப் போகுமே தவிர, உடல் முன்னேறாது. பாதத்தை வெளிப்புறமாகத் திருப்பி, உள்விளிம்பால் பக்கவாட்டில் சாய்வாகத் தள்ள வேண்டும். தள்ளும் கால் முழுவதும் நீள வேண்டும். உடலைத் தாங்கும் காலின் முழங்கால் நன்றாக மடங்கியிருக்க வேண்டும். வேகமாகச் செல்லும் நல்ல ஆட்டக்காரருக்கு இந்த மடிப்பு 90 டிகிரியை நெருங்கும்.

வீடியோ எதற்கு?

முழங்காலை நன்றாக மடக்கியிருப்பதாகத்தான் புதியவர்கள் நினைப்பார்கள். தொடை வலிப்பதால் அப்படித் தோன்றும். என் நண்பரும் அப்படியே சொன்னார். வீடியோவில் பார்த்தால் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நிமிர்ந்து நிற்கிறார்! உடல் உணர்வதும் உண்மையில் நடப்பதும் வேறு வேறு. இந்த இடைவெளியைக் காட்டத்தான் கம்ப்யூட்டர் தேவை.

படம் பிடிக்கும்போது

1. முழங்கால் மடிப்பைப் பார்க்கப் பக்கவாட்டிலிருந்தும், கால் எந்தத் திசையில் தள்ளுகிறது என்று பார்க்கப் பின்னாலிருந்தும் எடுங்கள். ஒவ்வொன்றும் 10 விநாடி போதும்.

2. சாதாரண வீடியோவில் விநாடிக்கு 30 படங்கள் பதிவாகும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் இரண்டு படங்களுக்கு இடையே சுமார் 18 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். உங்கள் போனில் விநாடிக்கு 120 படங்கள் எடுக்கும் ஸ்லோமோஷன் வசதி இருந்தால் அதனைத் தேர்ந்தெடுங்கள். இடைவெளி 5 சென்டிமீட்டருக்கும் கீழே குறையும்.

3. வெள்ளைப் பனியின் முன்னால் ஆள் கறுத்துத் தெரிவார். போன் திரையில் அவர் உருவத்தின் மீது விரலால் தொட்டால் வெளிச்சம் சரியாகும். கண்ணாடித் தடுப்பு இருந்தால் லென்ஸை அதை ஒட்டி வையுங்கள்.

4. குளிரில் பேட்டரி விரைவில் இறங்கும். படம் எடுக்காத நேரத்தில் போனை ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில் வையுங்கள்.

5. மற்றவர்களும் குழந்தைகளும் படத்தில் விழக்கூடும். அரங்க அலுவலகத்தில் அனுமதி கேட்டுக் கொள்வது நல்லது.

கம்ப்யூட்டரில் பார்க்கும்போது

வீடியோ பைல்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, தனியாக ஒரு போல்டரில் வையுங்கள். பைலின் பெயரை வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்குங்கள். உதாரணமாக 2024-01-13-பக்கவாட்டு. இப்படிப் பெயரிட்டால் பெயர் வரிசையே தேதி வரிசையாகவும் அமைந்துவிடும்.

முதலில் விஎல்சி மீடியா பிளேயரில் பைலைத் திறங்கள். கீபோர்டில் ஈ என்ற ஆங்கில எழுத்துக்கான கீயைத் தட்டத் தட்ட வீடியோ ஒவ்வொரு படமாக நகரும். ஷிப்ட் கீயுடன் இடது அம்புக்குறியை அழுத்தினால் சில விநாடிகள் பின்னால் செல்லும். பிழை எங்கே என்று கண்டுபிடிக்க இதுவே போதும்.

அளந்து பார்க்க விரும்பினால், விண்டோஸில் இயங்கும் கினோவியா புரோகிராமை இன்ஸ்டால் செய்யுங்கள். விளையாட்டு வீடியோக்களை ஆராய்வதற்கென்றே உருவாக்கப்பட்டது இது. இதிலுள்ள கோணக் கருவியை எடுத்து இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்று இடங்களிலும் பொருத்தினால் முழங்கால் மடிப்பு எத்தனை டிகிரி என்று காட்டும். பக்கவாட்டில் எடுத்த வீடியோவில் மட்டும் அளக்கவும். சாய்வாக எடுத்ததில் கணக்கு தவறிவிடும். இரண்டு வீடியோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிடும் வசதியும் இதில் உண்டு.

நாங்கள் கண்டது என்ன?

நண்பர் வலப்பக்கம் நிற்கும் வீடியோவையும் இடப்பக்கம் நிற்க முயலும் வீடியோவையும் இப்படி ஒப்பிட்டோம். வலப்பக்கம் நிற்கும்போது முழங்கால் மடங்கிய பிறகு இரு பாதங்களும் சேர்ந்து குறுக்கே திரும்பின; தோள்கள் முன்னோக்கியே இருந்தன. இடப்பக்கம் முயலும்போது முன்கால் மட்டும் திரும்பியது. பின்கால் பழைய திசையிலேயே ஓடியது. கோணம் 140 டிகிரி, அதாவது கால் போதுமான அளவு மடங்கவில்லை. கால் நேராக இருந்தால் எடை ஸ்கேட்டை அழுத்திக் கொண்டேயிருக்கும். பாதம் எளிதில் திரும்பாது.

புரோகிராமில் பிழை வந்தால் ஒரே நேரத்தில் பத்து வரிகளை மாற்றக் கூடாது. ஒன்றை மாற்றி இயக்கிப் பார்க்க வேண்டும். இங்கும் அதே விதிதான். தோள், கை, பின்கால் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, "திரும்பும் முன் முழங்காலை மடக்கு" என்ற ஒன்றை மட்டும் எடுத்துக் கொண்டோம். முதல் வாரம் தடுப்புச் சுவரைப் பிடித்துக் கொண்டு, பிளேடைப் பக்கவாட்டில் தள்ளிப் பனியைச் சுரண்டும் பயிற்சி. ஒவ்வொரு காலுக்கும் 10 முறை. பிறகு நடை வேகத்தில் வந்து நிற்பது. அதன் பின்னரே வேகத்தைக் கூட்டினோம். வாரம் ஒருமுறை அதே இடத்திலிருந்து, அதே உயரத்தில் வீடியோ. தேதி, கோணம், அடுத்து செய்ய வேண்டியது என மூன்று காலம் கொண்ட ஒரு எக்செல் பைலில் குறித்து வந்தோம்.

ஐந்தாவது வாரம் கோணம் 115 டிகிரி. பின்கால் தானாகவே திரும்பத் தொடங்கியிருந்தது. அதற்கென்று தனிப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. ஏழாவது வாரம் கேப்டன் முன்னிலையில் இரு பக்கமும் நின்று காட்டி, டீமில் சேர்ந்தார்.

ஒரு எச்சரிக்கை. ஹெல்மெட், முழங்கால் கவசம், கையுறை இல்லாமல் எந்தப் பயிற்சியிலும் இறங்க வேண்டாம். வீடியோ உங்கள் பிழையைக் காட்டும், விழுவதைத் தடுக்காது. அடிப்படையை ஒரு பயிற்சியாளரிடம் கற்ற பின் இம்முறையைத் துணையாக வைத்துக் கொள்ளுங்கள்.

பனித்தரை இல்லாத ஊரில் இருப்பவர்களும் இதனைப் பயன்படுத்தலாம். பந்து வீசும் கை, ஷட்டில் அடிக்கும் மணிக்கட்டு, பரதநாட்டியத்தின் அரைமண்டி என எதை வேண்டுமானாலும் இப்படி அளக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை 10 விநாடி வீடியோ ஒன்றை எடுத்து, ஒவ்வொரு படமாக ஓட்டிப் பாருங்கள். திருத்த வேண்டிய ஒன்றை மட்டும் குறித்துக் கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு மறுபடி எடுத்து, இரண்டையும் ஒப்பிடுங்கள்.